மூடி வைத்த பங்கு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பசி. கொழும்புப் புறக்கோட்டையில் முப்பது வருஷமாக மூட்டை சுமக்கிற நாட்டாமை ஒருவனுக்கு அது குறையல்ல. பசி இல்லாதவனின் முதுகு நாலாவது மூட்டையிலேயே காட்டிக் கொடுத்துவிடும். என்னோடு கைவண்டி இழுக்கிற தியாகராசா, "நோபேட் அண்ணன் சாக்கைத் தூக்குறதுக்கு முன்னம் ஒருக்கா மோந்து பார்ப்பார், உள்ளுக்க திங்கிற சாமானா எண்டு," என்று பகிடி பண்ணுவான். நானும் சேர்ந்து சிரிப்பேன். பருப்பும் செத்தல் மிளகாயும் கருவாடும் எத்தனையோ ஆயிரம் மூட்டை இந்த முதுகில் ஏறிப் போயிருக்கிறது. ஒரு சாக்கிலும் நான் கை வைத்ததில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன். நான் களவெடுக்கிற ஆள் இல்லை.

டொக்டர், போன செவ்வாய்க்கிழமை நீங்கள் என் மகளுடைய கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய நோயாளிக் குறிப்பு மட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

"இவளுக்கு வயித்தில ஒரு வருத்தமும் இல்லை. ரத்தம், நெஞ்சுப் படம், எல்லாம் பார்த்தாச்சு. எதுக்கோ தன்னைத் தானே தண்டிக்கிறாள். கேட்டா வாய் திறக்கிறாள் இல்லை. வீட்டில என்ன நடந்தது எண்டு ஆராவது சொன்னாத்தானே நான் அவளோட கதைக்கலாம்?"

நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

"சொல்ல ஏலாட்டி எழுதித் தாங்கோ. எழுதத் தெரியுமோ?"

"தெரியும். மகள்தான் படிப்பிச்சவள்."

நீங்கள் சிரித்தீர்கள். வெள்ளவத்தைப் பக்கத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறேன், ஆனாலும் என்னைப் போன்ற ஒருவனோடு மரியாதையாகக் கதைத்தீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். பென்சில் மகள் பேர்ணடெற்றுடையது.

நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்குள். தோட்டம் என்றால் மரஞ்செடி ஒன்றும் இல்லை, வரிசையாக முப்பது ஒற்றை அறை வீடுகளும் கடைசித் தொங்கலில் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். போன வருஷக் கடைசியில் நாடு இருந்த நிலை உங்களுக்கும் தெரியும். கூப்பன் அரிசியை வெட்டினார்கள். கோதுமை மா இல்லை. என் மனைவி றஞ்சிதம் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் பேக்கரியில் பாண் வரிசையில் நிற்பாள். சில நாள் ஒரு றாத்தல் பாண் கிடைக்கும், சில நாள் வெறுங்கையோடு வருவாள். கிடைத்தால் பாதி எனக்கு. மற்றப் பாதியை இரண்டாக வெட்டுவாள், ஒன்று பேர்ணடெற்றுக்கு, ஒன்று தனக்கு. யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சுமக்கிறவனுக்குக் கூடத்தான் வேண்டும் என்பது அவளுக்கே தெரியும்.

றஞ்சிதம் இரண்டு வீடுகளுக்கு உடுப்புத் தோய்த்துக் கொடுத்து வந்தாள். அந்த வேலை முடியாமல் வாயில் ஒன்றும் வைக்கமாட்டாள். அது அவளுடைய பழக்கம். தன்னுடைய துண்டை நீல எனாமல் தட்டில் வைத்து, மூடியால் மூடி, பூனைக்குப் பயந்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போவாள். பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் திரிகால மணி அடிக்கும்போது முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நிற்பாள். வீட்டுக்கு வர இரண்டு மணியாகும். பேர்ணடெற் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

சாமான் வரத்துக் குறைந்ததால் எங்களுக்கும் மத்தியானத்தோடு வேலை இல்லாமல் போனது. நான் நடந்து வீட்டுக்கு வருவேன். முதல் நாள் நான் விளிம்பை மட்டும்தான் பிய்த்தேன். இரண்டு மூன்று நாள் விளிம்போடு நின்றேன். பிறகு பாதி. அதற்குப் பிறகு பாதியை விட்டு வைப்பது விசித்திரமாகப் பட்டது. பாதித் துண்டைப் பார்த்தால் யாரோ தின்ற மாதிரி இருக்கும், தட்டு வெறுமையாக இருந்தால் அப்படித் தோன்றாது. ஒவ்வொரு நாளும் மூடியை மூடி, கல்லை அது இருந்த இடத்திலேயே வைத்தேன். அந்த விஷயத்தில் நான் கவனமானவன்.

இரண்டு மணிக்கு வந்து மூடியைத் திறப்பாள். பார்ப்பாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். தோய்த்துக் கொடுக்கிற வீடுகளில் ஏதாவது கொடுப்பார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள், பிறகு எனக்கு அது தெரிந்திருக்கும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரம் ஒரு நாள் வேளைக்கே வந்துவிட்டாள். வாளி நிறையத் தண்ணீரோடு வாசலில் நின்றாள். என் வாயில் பாண் இருந்தது, கையில் மூடி. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் திரும்பிக் குழாயடிக்குப் போய்விட்டாள். கையில் இருந்த வாளி நிறைந்துதான் இருந்தது, டொக்டர். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. நான் தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

இதைத்தான் இன்றுவரை என்னால் அவளுக்கு மன்னிக்க முடியவில்லை. பதினேழு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். தட்டை முகத்தில் எறிந்திருக்கலாம். நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். அவள் என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? கேட்டால் நிறுத்துவான் என்ற அளவுக்குக்கூட நம்பவில்லை. அடுத்த நாளும் தட்டு அதே இடத்தில், அதே கல்லோடு இருந்தது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாசம் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். சாதாரணச் சளிக் காய்ச்சல்தான், தாங்குவதற்கு உடம்பில் ரத்தம் இல்லை என்று சொன்னார்கள்.

மட்டக்குளியிலிருந்து அவளுடைய தங்கை மெற்றில்டா வந்தாள். வாய்க்காரி. செத்த வீட்டில் முப்பது பேருக்கு முன்னால், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அத்தான், அக்காவைத் தூக்கிப் பெட்டியில வைக்கேக்க ஒரு சின்னப் பிள்ளையின்ட பாரம்தான் இருந்திச்சு. அவ என்னத்தைச் சாப்பிட்டவ? உங்கட கன்னம் நல்லா உப்பித்தானே கிடக்கு?"

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன்.

"அவள் தன்ட பங்கைப் பிள்ளைக்குக் குடுத்திட்டாள், மெற்றில்டா. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கேல்ல."

அந்த வசனம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பெண்கள் அழத் தொடங்கினார்கள். மெற்றில்டா அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, "என்ட தெய்வமே, உனக்கு வேற என்ன தெரியும்," என்று ஒப்பாரி வைத்தாள். செத்தவளுக்கு அதில் பெருமைதானே தவிரக் குறைவில்லை. பெட்டியின் தலைமாட்டில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்ற பேர்ணடெற் என்னைப் பார்த்தாள். மெழுகு அவளுடைய கையில் ஒழுகியது. அவள் கையை எடுக்கவில்லை.

முழுப் பொய்யும் அல்ல. பின்னேரச் சாப்பாட்டில் றஞ்சிதம் சில நாள் தன் ரொட்டியில் ஒரு வாய் பிய்த்து மகளுக்கு ஊட்டுவாள். எந்தத் தாயும் செய்கிறதுதான். அந்த ஒரு வாய் இருந்ததால்தான் பிள்ளையும் நான் சொன்னதை நம்பினாள்.

விபூதிப் புதன் வந்தது. தபசு காலத்தில் எங்கள் ஆட்கள் ஒருசந்தி இருப்பார்கள், ஒரு நேரச் சாப்பாடு மட்டும். பேர்ணடெற் அம்மாவின் ஆத்துமத்துக்காக நாற்பது நாளும் ஒருசந்தி என்றாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒரு நேரமும் இல்லை. பிறகு புதன்கிழமைகளிலும் இல்லை. பக்கத்து வீட்டு மாக்ரெட் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "பேர்ணடெற் எண்டு பேர் சும்மா வைக்கேல்ல. அது ஒரு அர்ச்சியசிஷ்டவளின்ட, புனிதையின்ட பேர். இந்தக் காலத்தில எந்தப் பிள்ளை இப்பிடித் தபசு இருக்கும்?" காய்ச்சல்காரக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையில் கை வைக்கச் சொல்லிக் கேட்டாள். மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அன்ரி, என்னைத் தொட விடாதீங்க. பிள்ளைக்குக் கூடாது."

அதையும் தாழ்மை என்றார்கள். இது இந்தத் தோட்டத்தில் எல்லோரும் விட்ட பிழை, நான் மட்டும் விட்டதல்ல.

வீட்டுக்குள் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். தன் பாணைச் சிறுசிறு சதுரமாக வெட்டுவாள். அவற்றைத் தட்டைச் சுற்றித் தள்ளிக்கொண்டே இருப்பாள். பிறகு அத்தனையையும் பொறுக்கி அம்மாவின் நீலத் தட்டில் வைத்து, மூடி, கல்லையும் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மத்தியானம் நான் வருவேன். தட்டு இருக்கும். பாண் வரிசையில் சனம் அடிபடுகிற காலத்தில் பாணை எறிவது பாவம், டொக்டர். பின்னேரம் அவள் வந்து வெறும் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கழுவி வைப்பாள், தாயைப் போலவே.

பாஸ்காத் திருநாள் முடிந்தும் அவளுடைய தபசு முடியவில்லை. சித்திரை வெயிலில் அம்மாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. மெற்றில்டா அவித்த முட்டை ஒன்று கொண்டுவந்து பக்கத்தில் இருந்து ஊட்டினாள். அவள் போன பிறகு பிள்ளை வாசல் சாக்கடைக் கானில் குனிந்து அத்தனையையும் வெளியே எடுத்தாள். மெற்றில்டா பார்க்கவில்லை, ஆனால் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அத்தான், இது நேர்த்தி இல்ல. வருத்தம். டொக்டரிட்டக் காட்டுங்க."

"பார்ப்பம்."

"எப்ப பார்ப்பீங்க? பெட்டி செய்தாப் பிறகா?"

அவளுக்கு எப்போதும் என்மேல் ஒரு சந்தேகம். அதனால் அவளை இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதே காலத்தில்தான் பிள்ளை எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள். கூட்டுறவுக் கடையில் நான் பெருவிரலை மையில் தோய்த்ததைக் கண்டுவிட்டு, "அப்பா, இனி உங்களுக்கு அது வேண்டாம்," என்றாள். ஒவ்வொரு பின்னேரமும் என் கைமேல் தன் கையை வைத்து எழுதப் பழக்கினாள். அந்தக் கை மீன்கடை ஐஸ் மாதிரிக் குளிராக இருக்கும். நாற்பத்தாறு வயதுக்காரனிடம் அவள் ஒரு நாளும் சினக்கவில்லை. "கெட்டிக்காரன்," என்பாள். அந்தச் சொல்லை என்னிடம் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

ஆனியில் ஒரு நாள் அவளுடைய தலையணைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி கிடந்தது. திறந்தேன். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். "அம்மா, இன்றைக்கு உங்கட பங்கை நான் தொடவில்லை." ஒருவர் கையால் எழுதிய ஒரு வசனத்தை உதவி இல்லாமல் முழுசாக நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், முதலில் சந்தோசப்பட்டேன். மற்றப் பக்கத்தைப் புரட்டினேன். அதே வசனம். அதற்கடுத்த பக்கத்திலும் அதுதான். கொஞ்சப் பக்கம் போனதும் வாசிக்கத் தேவைப்படவில்லை, பார்த்தாலே போதும். கடைசிப் பக்கங்களில் எழுத்து மெலிந்து கோட்டைவிட்டுக் கீழே சரிந்திருந்தது.

கொப்பியை இருந்தபடியே வைத்தேன். யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன். தாயைப் பறிகொடுத்தவள். நான் வாயைத் திறந்தால் தகப்பனும் இல்லாமல் போவான். ஒரு பிள்ளைக்கு அது பெரிய இழப்பு அல்லவா?

பிறகு அவளே கேட்டாள். ஆடி மாசம், பாடம் சொல்லித் தந்துகொண்டிருந்தபோது.

"அப்பா, ஒண்டு கேட்டா உண்மை சொல்லுவீங்களா?"

"கேளன்."

"அம்மா எனக்குத்தானா குடுத்தவ? நான் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறன். ஒவ்வொரு வாய்தான் ஞாபகம் வருது. ஒவ்வொரு வாயால ஒரு ஆள் சாகுமா?"

பென்சிலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கண் மட்டும்தான் அந்த முகத்தில் மிச்சம். உண்மைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு அடிதான். நான் இல்லை என்று சொன்னால் போதும்.

"ஓம், பிள்ளை. சந்தோசமாத்தான் குடுத்தவ," என்றேன்.

சந்தோசமாக என்ற சொல்லை நான் ஆறுதலுக்காகத்தான் சேர்த்தேன். அவள் தலையாட்டினாள். பிறகு நான் எழுதிய ஒரு எழுத்தைத் திருத்தினாள். அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனியும் போடவில்லை.

ஆவணியில் பள்ளிக்கூடத்தில் காலைச் செபத்தில் விழுந்துவிட்டாள் என்று ஆள் அனுப்பினார்கள். பஸ்சுக்கு நிற்காமல் முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நூற்றுப்பன்னிரண்டு றாத்தல் வருகிற அந்தர் மூட்டையை முப்பது வருஷமாகச் சுமக்கிறவன் நான். அவள் பாதி அந்தருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். யாருக்கு என்ன சொன்னாலும் முதுகுக்குப் பாரம் தெரியும். பாதி வழியில் என் காதுக்குள், "அப்பா, பாரமா இருக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது என்று நினைத்திருப்பாள்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மட்டையைப் பார்த்துவிட்டு நேர்சிடம் சொன்னீர்கள், "மத்தியானச் சாப்பாடு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் முடிக்கிறாள் எண்டு எழுதிக் கிடக்கு. பத்து நாளாப் பாரம் இறங்கிக்கொண்டே போகுது. எனக்கு இது விளங்கேல்லை." நேர்ஸ் தன் கண்ணால் வெறும் தட்டைப் பார்த்ததாகச் சத்தியம் பண்ணினார். அவர் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு எங்களை உள்ளே விடுவார்கள். அதே நேரம்தான் சோறும் வரும், மூடிய தட்டில். பேர்ணடெற் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

"அப்பா, வேலையால வந்தனீங்கதானே. நீங்க சாப்பிடுங்க. தட்டு நிறைஞ்சு கிடந்தா நேர்ஸ் ஏசுவா."

பிள்ளை கேட்டதைச் செய்தேன். பருப்பு நன்றாகத்தான் வைக்கிறார்கள்.

நீங்கள் எழுதச் சொன்னது இவ்வளவுதான். றஞ்சிதத்தின் பங்கைச் சாப்பிட்டது நான், பேர்ணடெற் அல்ல. அவளுக்கு அதில் ஒரு துளி பங்கும் இல்லை. செத்த வீட்டில் நான் சொன்னது பொய், பிள்ளை நேரே கேட்டபோது சொன்னதும் பொய். அவளுடைய பங்கையும் நான்தான் சாப்பிட்டு வருகிறேன். இன்று மத்தியானமும் சாப்பிட்டேன்.

எழுதி முடித்துவிட்டு முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எழுத்து நேராக இருக்கிறது, அவள் பார்த்தால் சந்தோசப்படுவாள். தாள்களை நாலாக மடித்துக் கூப்பன் புத்தகம் கிடக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கே உங்கள் கையில் தரலாம்தான். ஆனால் பிள்ளை இப்போது மிகவும் பெலவீனமாக இருக்கிறாள், டொக்டர். தகப்பன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று கேள்விப்பட்டால் அந்த உடம்பு தாங்காது. இப்படியான ஒன்றைக் கேட்க ஒரு பெலன் வேண்டும். அவள் கொஞ்சம் சாப்பிடட்டும். தானாக எழும்பி உட்கார்ந்து ஒரு தட்டுச் சோற்றை முடிக்கட்டும். அன்றைக்கே இதைக் கொண்டுவந்து தந்துவிடுவேன்.